பூங்காப் படங்களும் ஓவியமும் அரசியல் கோபமும்: அரசு ஊழியர் எதைப் பதிவிடலாம்?

சென்னையில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக வேலை செய்யும் 34 வயதுப் பெண் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி அதன் சுருக்கம் இது. தினமும் காலையில் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மாநகராட்சிப் பூங்காவுக்கு நடக்கப் போகிறார். மரங்கள், நடைபயிற்சிக்காரர்கள், ஊஞ்சலாடும் பிள்ளைகள், மதில் ஓவியங்கள் எனச் செல்போனில் படமெடுக்கிறார். சிலவற்றை நீர்வண்ணத்தில் வரைகிறார். எல்லாம் புனைபெயரில் இன்ஸ்டாகிராமில் போகிறது. ஓராண்டாக அதே கணக்கில் உடைந்த ஊஞ்சல், தேங்கிய கழிவுநீர் பற்றிய கோபமும், மாநில அமைச்சர் ஒருவரைப் பற்றிய கேலிச் சித்திரங்களும், மத்திய அரசின் கொள்கைகளைச் சாடும் வரிகளும் சேர்ந்துகொண்டன.

ஒரே மாதத்தில் நான்கு சிக்கல்கள் வந்திருக்கின்றன. பூங்காக் காவலாளி படங்களை அழிக்கச் சொன்னார். தன் மனைவியும் குழந்தையும் இருக்கும் படத்தை நீக்காவிட்டால் போலீஸுக்குப் போவேன் என்று ஒருவர் தகவல் அனுப்பினார். இவர் வரைந்த தூங்குமூஞ்சி மர ஓவியத்தை ஒரு கட்சி ஆதரவுப் பக்கம் கையெழுத்தை வெட்டிவிட்டு, மேலே வாசகம் போட்டு வெளியிட்டது. கடைசியாக மேலதிகாரி கூப்பிட்டு, “இந்தக் கணக்கு உங்களுடையதா?” என்று கேட்டார். இவர் சிரித்து மழுப்பிவிட்டு வந்திருக்கிறார். “இணையப் பதிவுக்காகக் கைது செய்ய வழிவகுத்த 66ஏ பிரிவுதான் ரத்தாகிவிட்டதே, என் பெயரும் எங்கும் இல்லையே, பிறகு ஏன் பயப்பட வேண்டும்? ஆனால் தூக்கம் வரவில்லை. கணக்கையே மூடிவிடட்டுமா?” என்பது கேள்வி.

அன்புள்ள சகோதரி,

கணக்கை மூட வேண்டாம். இன்றைக்கு அவசரப்பட்டு எதையும் அழிக்கவும் வேண்டாம். ஓவியம், மற்றவர்களின் முகம், அரசியல் கருத்து மூன்றையும் ஒரே கணக்கில் போட்டதால் மூன்றும் ஒரே பிரச்சினையாகத் தெரிகின்றன. ஒவ்வொன்றுக்கும் சட்டம் வேறு, ஆபத்தும் வேறு. நீங்கள் சிறையை நினைத்துப் பயப்படுகிறீர்கள். நான் கவலைப்படுவது உங்கள் வேலையைப் பற்றி. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

புனைபெயர் காப்பாற்றாது

உங்களுக்குப் பொருந்துவது 1964-ஆம் ஆண்டின் மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள். அதன் 9-ஆம் விதியை ஒருமுறை வரி வரியாகப் படித்துப் பாருங்கள். மத்திய அரசு அல்லது மாநில அரசின் நடப்பு அல்லது அண்மைக்காலக் கொள்கையையோ நடவடிக்கையையோ பாதகமாக விமர்சிக்கும் கருத்தை ஊழியர் வெளியிடக் கூடாது என்கிறது அது. தன் பெயரில் வெளியிட்டாலும், பெயரில்லாமல் வெளியிட்டாலும், புனைபெயரில் வெளியிட்டாலும், வேறொருவர் பெயரில் வெளியிட்டாலும் ஒன்றுதான் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. நாளைக்குக் கணவர் பெயரில் கணக்கு தொடங்கலாம் என்று எழுதியிருந்தீர்களே, அந்த வழியும் இதோடு அடைபடுகிறது. மாநில அமைச்சரைத்தானே கேலி செய்தேன், நான் மத்திய அரசு ஊழியர்தானே என்ற வாதமும் நிற்காது. இரண்டு அரசுகளும் விதிக்குள் வருகின்றன.

அரசு ஊழியருக்குக் கருத்துரிமையே கிடையாது என்று யாராவது சொன்னால் அதுவும் தவறு. வேலையில் சேர்ந்ததால் அடிப்படை உரிமை போய்விடுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1962-லேயே காமேஷ்வர் பிரசாத் வழக்கில் சொல்லிவிட்டது. கூட்டத்துக்குப் போனதற்காகவும் ஃபேஸ்புக்கில் எழுதியதற்காகவும் துறை நடவடிக்கைக்கு ஆளான ஓர் ஊழியருக்குச் சாதகமாகத் திரிபுரா உயர் நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது. ஆனால் இவை கடைசியில் கிடைக்கும் நிவாரணங்கள். அதுவரை மெமோ, விசாரணை, நிறுத்திவைத்த இன்க்ரிமென்ட், தள்ளிப்போன பதவி உயர்வு என்று ஆண்டுகள் ஓடிவிடும். தற்காலிகப் பணிநீக்கம் என்றால் தொடக்கத்தில் கைக்கு வருவது ஏறத்தாழப் பாதிச் சம்பளம்தான். சண்டை போடத் தயாரா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். தெரியாமல் அந்தச் சண்டைக்குள் போய் விழுந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

மேலதிகாரி வாய்மொழியாகக் கேட்டதற்குச் சிரித்துவிட்டு வந்தீர்கள், சரி. மறுபடி கேட்டால் “இல்லை” என்று பொய் மட்டும் சொல்லாதீர்கள். பின்னால் உண்மை தெரிந்தால் அந்தப் பொய்யே தனிக் குற்றச்சாட்டாகிவிடும். “எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் தருகிறேன்” என்று பணிவாகச் சொல்லலாம். மெமோ வந்தால் எந்த விதியின் கீழ் வந்திருக்கிறது என்று பாருங்கள். 1965-ஆம் ஆண்டின் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 16-ஆம் விதி என்றால் சிறு தண்டனை, 14-ஆம் விதி என்றால் பெருந்தண்டனைக்கான விசாரணை. எதுவானாலும் பதில் தரக் கெடு இருக்கும். கெடுவுக்குள் எழுத முடியாவிட்டால், கெடு முடியும் முன்பே அவகாசம் கேட்டு மனு கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். உணர்ச்சிவசப்பட்டு அன்று இரவே எழுதிக் கொடுக்கும் பதில்தான் பல வழக்குகளில் ஊழியருக்கு எதிரான முதல் சாட்சி.

இப்போது செய்ய வேண்டியது: அமைச்சர் சித்திரங்களையும் கொள்கை விமர்சனங்களையும் ‘ஆர்க்கைவ்’ செய்யுங்கள். பதிவு உங்களிடம் இருக்கும், வெளியே தெரியாது. மெமோ வந்தபின் அழித்தால் தடயத்தை மறைத்தார் என்பார்கள். பதிவிட்ட நேரத்தையும் பாருங்கள். அலுவலக நேரத்தில் போட்ட பதிவு என்றால், கருத்தைப் பற்றிய குற்றச்சாட்டோடு பணி நேரத்தை வீணாக்கியதும் கூடவே வரும். அலுவலக வைஃபையில் இந்தக் கணக்கைத் திறக்கவே திறக்காதீர்கள். தொலைபேசித் தொடர்புகளை இணைக்கும் அமைப்பு ஆன் ஆகியிருந்தால், உங்கள் எண்ணை வைத்திருக்கும் சக ஊழியர்களுக்கு இன்ஸ்டாகிராமே இந்தக் கணக்கைக் காட்டியிருக்கும். விஷயம் அலுவலகம் வரை போனது இப்படியாகவும் இருக்கலாம். அதை உடனே அணையுங்கள்.

ஓவியத்துக்கு இந்த விதிகளில் தடை இல்லை என்பது நல்ல செய்தி. அவ்வப்போது செய்யும் கலைப்பணிக்கு 15-ஆம் விதி இடம் தருகிறது, அலுவலக வேலை கெடக் கூடாது என்ற நிபந்தனையோடு. எப்போதாவது ஓர் ஓவியம் விற்பது வேறு, மாதாமாதம் ஆர்டர் எடுத்துக் கூரியர் அனுப்புவது வேறு. இரண்டாவது வியாபாரம். அதற்கு முன் அனுமதி வேண்டும்.

சரி, உடைந்த ஊஞ்சலைப் பற்றிப் பேசவே கூடாதா? பேசலாம். அதைப் புகாராகப் பேசுங்கள். மாநகராட்சியின் 1913 எண்ணில் அல்லது ‘நம்ம சென்னை’ செயலியில் பதிந்து புகார் எண் வாங்குங்கள். நடவடிக்கை இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு கேளுங்கள்: இந்தப் பூங்காவின் பராமரிப்பு ஒப்பந்தம் யாரிடம், ஆண்டுத் தொகை எவ்வளவு, கடைசியாக ஊஞ்சலைச் சோதித்த தேதி எது. 30 நாளில் பதில் தர வேண்டும். இந்தச் சட்டத்தில் நீங்கள் குடிமகளாகக் கேட்கிறீர்கள், ஊழியராக இல்லை. “ஊஞ்சல் சங்கிலி அறுந்து கிடக்கிறது, புகார் எண் இது” என்று படத்தோடு பதிவிடுவதைக் கொள்கை விமர்சனம் என்று நிறுவுவது எளிதல்ல. கோபம் ஓர் அங்குலம்கூடக் குறையாமல் வேலை நடக்கும் வழி இது.

66ஏ போனாலும் மற்றவை இருக்கின்றன

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் ரத்து செய்தது உண்மை. ஆனால் 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில், பிரிவினரிடையே பகையைத் தூண்டுவதற்கு 196, மத உணர்வைப் புண்படுத்துவதற்கு 299, பொதுக் குழப்பம் விளைவிக்கும் பேச்சுக்கு 353, அவதூறுக்கு 356 என்று பிரிவுகள் இருக்கின்றன. அமைச்சரின் நிர்வாகத்தைக் கேலி செய்வது இவற்றில் எதுவும் இல்லை. அதே சித்திரத்தில் அவருடைய சாதியையோ மதத்தையோ இழுத்தால், குடும்பத்துப் பெண்களைக் கொச்சையாக வரைந்தால், கதை மாறிவிடும். “உண்மையைத்தானே சொன்னேன்” என்பது மட்டும் குற்ற அவதூறு வழக்கில் போதாது. உண்மையாகவும் இருக்க வேண்டும், அதைச் சொன்னது பொதுநலனுக்காகவும் இருக்க வேண்டும். அமைச்சரின் பதவிச் செயல் பற்றிய அவதூறென்றால், அரசு வழக்கறிஞரே செஷன்ஸ் நீதிமன்றத்தில் வழக்குப் போடவும் வழியுண்டு. “கமிஷன் வாங்கினார்” என்று ஆதாரமில்லாமல் எழுதிய உங்கள் ஒரு தலைப்பு வரி எனக்குக் கவலை தருகிறது. அந்த வரிக்காக மட்டுமாவது அந்தப் பதிவு வெளியே இருக்கக் கூடாது.

நீதிமன்றங்கள் கலைஞர் பக்கம் நின்றதும் உண்டு. 2017-இல் நெல்லை ஆட்சியர் அலுவலகத் தீக்குளிப்பை ஒட்டிய கேலிச் சித்திரத்துக்காக கார்ட்டூனிஸ்ட் பாலா கைது செய்யப்பட்டார். அந்த வழக்கை 2021-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ரத்து செய்தது. இடையில் போனது சுமார் மூன்றரை ஆண்டு. 2025 மார்ச்சில் இம்ரான் பிரதாப்கடி வழக்கில், ஒரு கவிதைக்காகப் போட்ட எஃப்.ஐ.ஆரை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மூன்று முதல் ஏழாண்டுக்குள் தண்டனை உள்ள பேச்சுக் குற்றங்களில் உடனே வழக்குப் பதியாமல், முதற்கட்ட விசாரணை நடத்துவதே பொருத்தம் என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. யாராவது உங்கள் மேல் புகார் கொடுத்தால் உங்கள் வழக்கறிஞர் முதலில் எடுக்க வேண்டிய தீர்ப்பு அது.

“மற்றவர் எழுதியதை ஷேர் மட்டும் செய்தேன்” என்கிறீர்கள். 2018-இல் பெண் பத்திரிகையாளர்களைப் பற்றிய பதிவு ஒன்றை ஃபேஸ்புக்கில் பகிர்ந்த எஸ்.வி. சேகர், பதிவை நீக்கி மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் வழக்கை ரத்து செய்ய சென்னை உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் 2023-இல் மறுத்தன. 2024 பிப்ரவரியில் சென்னைச் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறைத் தண்டனை விதித்தது. ஷேர் செய்தால் அந்தச் சொல் உங்களுடைய சொல்லாகவும் ஆகிறது.

காவல் நிலையத்திலிருந்து தொலைபேசி வந்தால் பதறி ஓடாதீர்கள். ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில், கைது தேவையில்லை என்றால், புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) பிரிவில் எழுத்து நோட்டீஸ் தர வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. முறையாக நோட்டீஸ் வந்தால் கண்டிப்பாகப் போக வேண்டும், வழக்கறிஞரோடு.

பூங்காவில் யாரை எடுக்கலாம்

பொது இடம் என்றால் யாரை வேண்டுமானாலும் எடுத்துப் போடலாம் என்ற எண்ணம் பாதி சரி. பொதுவெளியில் இருப்பவர் கேமராவில் விழுவதையே தடை செய்யும் பொதுச் சட்டம் நம்மிடம் இல்லை. ஆனால் 2017-இல் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஆனபிறகு, ‘பூங்காவுக்கு வந்தவர் அந்தரங்கத்தை வாசலில் விட்டுவிட்டு வந்தார்’ என்று யாரும் வாதிட முடியாது. கூட்டத்தில் ஒருவராக ஒரு பெண் தெரிவது ஒன்று. அவரையே மையமாக வைத்து, முகம் தெளிவாக, தினம் எத்தனை மணிக்கு எந்தப் பெஞ்சில் உட்காருகிறார் என்று ஊருக்கே தெரியும்படி போடுவது இன்னொன்று. அவரைப் பின்தொடரும் ஒருவனுக்கு உங்கள் பக்கமே வழிகாட்டியாகிவிடும்.

அந்தத் தகப்பனாருக்கு இன்றே பதில் எழுதுங்கள்: “படத்தைப் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டேன், மன்னிக்கவும்.” வாதம் வேண்டாம், சட்டம் பேச வேண்டாம். குழந்தை விஷயத்தில் அவர் கேட்டது நியாயம். படத்தை நீக்கியதோடு நிற்காமல், அந்தப் படத்தைப் பார்த்து வரைந்த ஓவியம் இருந்தால் அதிலும் முகம் அடையாளம் தெரிகிறதா என்று பாருங்கள். ஓவியமென்றால் தப்பிக்கலாம் என்பதில்லை. இனிமேல் பிள்ளைகளை முதுகுப்புறமாகவோ நிழலுருவாகவோ மட்டும் எடுங்கள். பள்ளிச் சீருடையும் முத்திரையும் தெரிந்தால் முகம் இல்லாமலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். காலை எடுத்த படத்தை அன்றே போடாமல் சில நாள் கழித்துப் போடுங்கள், இடக்குறியீடு வேண்டாம். மரத்தடியில் சீட்டாடும் பெரியவர்களிடம் படத்தைக் காட்டி, “போடலாமா ஐயா?” என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். பெரும்பாலும் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள். மறுப்பவருக்கு வீட்டில் ஏதோ காரணம் இருக்கும்.

காவலாளி விஷயம். உங்கள் போனைப் பிடுங்கவோ படத்தை அழிக்க வைக்கவோ அவருக்கு அதிகாரம் இல்லை. அதே சமயம் பூங்கா நிர்வாகம் நிபந்தனை விதிக்கலாம். தோட்டக்கலைத் துறையின் செம்மொழிப் பூங்காவில் கேமராவுக்குத் தனிக் கட்டணம் வைத்தார்கள். பல பூங்காக்களில் ஸ்டாண்டு, லைட், திருமண ஷூட்டிங் என்றால் முன் அனுமதி கேட்பார்கள். நுழைவாயில் பலகையை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். செல்போனுக்குத் தடை என்று அதில் இல்லாவிட்டால், “எந்த உத்தரவு என்று சொல்லுங்கள் அண்ணா, நான் மேற்பார்வையாளரிடம் கேட்டுக்கொள்கிறேன்” என்று நகர்ந்துவிடுங்கள். காவலாளியும் யாரோ புகார் சொன்னதால்தான் வந்திருப்பார்.

மதில் ஓவியங்களைப் பற்றி ஒரு நுணுக்கம். பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் சிற்பத்தையும், கட்டடத்தையும் படமெடுத்து வெளியிட இடம் தருகிறது. சுவரில் வரைந்த ஓவியம் அந்த வரியில் இல்லை. ஆகவே மதில் ஓவியத்தை மட்டும் சட்டகத்தில் நிரப்பி எடுத்து, அதைப் பிரின்ட் போட்டு விற்காதீர்கள். பதிவிடும்போது வரைந்தவர் பெயரைத் தேடிப் போடுங்கள். உங்கள் கையெழுத்தை வெட்டியபோது உங்களுக்கு எப்படி இருந்தது?

தூங்குமூஞ்சி மரம் உங்களுடையதுதான்

இணையத்தில் போட்டதும் உரிமை போய்விட்டது என்று நினைத்து அந்தக் கட்சிப் பக்கத்தை விட்டுவிட்டீர்கள். இது பெரிய தவறான எண்ணம். வரைந்த கணமே பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது, பதிவு செய்வது கட்டாயமில்லை. புனைபெயரில் வெளியிட்டதால் வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு அது செல்லும். அதற்குள் உங்கள் சொந்தப் பெயர் வெளிப்பட்டால், உங்கள் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டும் செல்லும். இன்ஸ்டாகிராமுக்கு நீங்கள் தந்தது காட்டுவதற்கான உரிமம்தான், மூன்றாமவருக்கு அல்ல. இதற்கும் மேலே 57-ஆம் பிரிவு இருக்கிறது. படைப்பைச் சிதைத்து, படைத்தவரின் மதிப்புக்குக் குந்தகம் வரும்படி பயன்படுத்தினால் தடுக்கவும் நஷ்டஈடு கேட்கவும் உரிமை உண்டு. விஞ்ஞான் பவனில் இருந்த தன் சுவர்ச் சிற்பத்தைப் பெயர்த்துச் சிதைத்ததற்காகச் சிற்பி அமர்நாத் சேகல் அரசின் மேலேயே வழக்குப் போட்டு, 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் 5 லட்சம் ரூபாய் நஷ்டஈடு பெற்றார்.

உங்களுக்கு இது கௌரவப் பிரச்சினை மட்டுமில்லை. நடத்தை விதிகளின் 5-ஆம் விதி அரசியல் இயக்கத்துக்கு எந்த வகையிலும் துணைபோகக் கூடாது என்கிறது. உங்கள் ஓவியம் கட்சி வாசகத்தோடு சுற்றுகிறது. நீங்கள் ஒன்றும் செய்யாமல் இருந்தால், சம்மதித்துக் கொடுத்ததாக அலுவலகத்தில் யாரும் சொல்லலாம். தேதியிட்ட பதிப்புரிமைப் புகார்தான் அதற்கு உங்கள் பதில்.

முதலில் ஆதாரம். அந்தப் பதிவின் முழு முகவரி, தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பக்கத்தின் பெயரிலிருந்து தொடங்கிப் பதிவு வரை ஸ்க்ரோல் செய்யும் திரைப்பதிவு ஒன்றும் எடுங்கள். நீதிமன்றத்துக்குப் போனால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழும் வேண்டும். அதனால் படமெடுத்த போனை விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். மூலத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். மரத்தின் அசல் போட்டோவை எடிட் செய்யாத நிலையில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தேதி, கேமரா விவரமெல்லாம் உதிர்ந்துவிடும். வழக்கறிஞருக்கு அனுப்பும்போது ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள்.

பிறகு புகார். இன்ஸ்டாகிராமின் பதிப்புரிமைப் படிவத்தில் ஓர் எச்சரிக்கை: நீங்கள் தரும் பெயரும் மின்னஞ்சலும் எதிர்த்தரப்புக்குப் போகலாம். புனைபெயரை இத்தனை நாள் காத்துவிட்டு, ஒரு கட்சிப் பக்கத்தின் கையில் உங்கள் சொந்தப் பெயரைக் கொடுத்துவிடாதீர்கள். வழக்கறிஞரை உங்கள் அதிகாரம் பெற்ற பிரதிநிதியாக வைத்து அவர் மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னாலும், உரிமையாளர் என்று உங்கள் பெயர் எதிர்த்தரப்புக்குப் போகலாம். அதனால் அனுப்பும் முன் இதை வழக்கறிஞரிடம் பேசி முடிவு செய்யுங்கள். படிவத்தில் பலன் இல்லையென்றால் 2013-ஆம் ஆண்டின் பதிப்புரிமை விதிகளில் 75-ஆம் விதிப்படி எழுத்து நோட்டீஸ் அனுப்பலாம். மீறல் என்று திருப்தியானால் 36 மணி நேரத்துக்குள் அந்தத் தளம் முடக்க வேண்டும். 21 நாளுக்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் மறுபடி திறந்துவிடலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்தப் பக்கத்தின் பின்னூட்டத்தில் போய்ச் சண்டை மட்டும் போடாதீர்கள். அங்கே நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் அரசியல் கருத்தாகப் படிக்கப்படும்.

இனி வரையும்போது கையெழுத்தை மூலையில் போடாமல் மரத்தின் வேரோடு, தண்டின் நிழலோடு சேர்த்துப் போடுங்கள். வெட்டினால் ஓவியமும் வெட்டுப்படும். 300 டிபிஐ ஸ்கேனை வீட்டில் வைத்துக்கொண்டு, 1080 பிக்சல் அகலத்துக்கு மேல் பதிவேற்றாதீர்கள். திரையில் பார்க்க அது போதும். பெரிய பேனர் அடித்தால் உடைந்து தெரியும்.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெற 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் உரிமை இருக்கிறது. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம், அல்லது உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவுக்கு நேரில் போகலாம். போகும்போது சிக்கலான பதிவுகளின் நகல், தகப்பனார் அனுப்பிய தகவல், மேலதிகாரி கேட்ட தேதியும் வார்த்தைகளும் குறித்த ஒரு தாள், இவற்றைக் கொண்டுபோங்கள். அந்த உரையாடல் மறப்பதற்குள், இன்று இரவே அந்தத் தாளை எழுதி வையுங்கள்.